எலக்ட்ரிக் பைக்குக்கு லித்தியம் பேட்டரி: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு லித்தியம் பேக் மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது: 48 வோல்ட்டா, 60 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர்-அவர்?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிற்கும் உயரம் வோல்ட். அதில் பிடிக்கும் தண்ணீர் ஆம்பியர்-அவர். இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர். வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதைச் சொல்வது அதுதான். 48 × 20 = 960. 60 × 16 என்றாலும் அதே 960தான். வோல்ட்டை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கன்ட்ரோலரில் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) எழுதியிருப்பதுதான்.

பலரும் கோட்டைவிடுவது தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் அகலத்தில், அதாவது ஆம்பியரில். பேக்கின் உள்ளே பி.எம்.எஸ். (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்றொரு சர்க்யூட் போர்டு இருக்கும். எத்தனை ஆம்பியர் வெளியே போகலாம் என்று முடிவு செய்வது அது. 1000 வாட் மோட்டார் 48 வோல்ட்டில் ஏறக்குறைய 21 ஆம்பியர் இழுக்கும், மேடு ஏறும்போது இன்னும் கூடும். 20 ஆம்பியர் போர்டு என்றால் மேம்பாலத்தின் பாதியிலேயே வண்டி சட்டென்று நின்றுவிடும். கடைக்காரர் ‘பீக்’ (சில நொடிகள் மட்டும் தாங்கும் அளவு) கணக்கைத்தான் பெருமையாகச் சொல்வார். தொடர்ச்சியாக எத்தனை என்று கேளுங்கள்.

லித்தியம் செல் வகையில், என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) எடை குறைவு, எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். இடம் இருந்தால் என் ஓட்டு எல்.எஃப்.பி.க்குத்தான்.

“பழைய பேட்டரி, புது பேக் ரெண்டும் 48 வோல்ட்தானே, பழைய சார்ஜரே போதும்” என்பது தவறு. சார்ஜர் அந்தந்த பேக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: 13 செல் வரிசை கொண்ட என்.எம்.சி. பேக் 54.6 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும், 16 செல் எல்.எஃப்.பி.க்கு 58.4 வோல்ட் வேண்டும்.