கேளுங்க, சொல்றோம்: ஸ்பெல்லிங் பீ பத்தி நாலு கேள்வி

கேள்வி: எங்க அக்கா குடும்பம் டல்லாஸ்ல கீறாங்க. அவங்க பையன் ராவும் பகலும் ஸ்பெல்லிங் பீக்குப் படிச்சிக்கினே கீறான். போன்ல தட்டினா ஸ்பெல்லிங்க அதுவே திருத்திடுது, அப்புறம் இன்னாத்துக்கு இந்த மனப்பாடம்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அது வெறும் மனப்பாடம் இல்லம்மா. ஸ்பெல்லிங் பீன்னா அமெரிக்காவுல பள்ளிக்கூடப் பசங்களுக்கு நடக்கிற தேசியப் போட்டி, ஒரு இங்கிலீஷ் சொல்ல சொன்னா அதோட எழுத்துங்கள மேடையில வரிசையா சொல்லணும். அந்தப் போட்டிக்கு மெரியம் வெப்ஸ்டரோட பெரிய டிக்‌ஷனரிதான் கணக்கு, அதுல நாலரை லட்சத்துக்கு மேல சொல் இருக்கு, எந்தப் புள்ளையும் அத்தனையும் நெட்டுரு போட முடியாது. அதனால மேடையில நிக்கிற புள்ளைக்கு கேள்வி கேக்க உரிமை குடுத்திருக்காங்க. இதுக்கு என்ன அர்த்தம், எந்த மொழியில இருந்து வந்துச்சு, ஒரு வாக்கியத்துல வச்சு சொல்லுங்க, வேற உச்சரிப்பு உண்டா, இப்படி எல்லாம் கேக்கலாம். கேட்டுட்டு உள்ளங்கையில விரலால எழுதிப் பாக்கும், அப்புறம் ஒவ்வொரு எழுத்தா சொல்லும், தப்புன்னா ஒரு மணி அடிக்கும், அவ்ளோதான் எறங்கிடணும். கிரேக்கம்னு பதில் வந்தா 'ஃப' சத்தத்துக்கு எஃப் வராது, பி எச் தான்னு புள்ளைக்குத் தெரியும், பிரெஞ்சுன்னா கடைசி எழுத்து சத்தமே இல்லாம நிக்கலாம்னு உஷாரா இருக்கும். 2025 ஃபைனல்ல நடந்தத பாருங்க. ஃபைசான் ஜாக்கின்னு 13 வயசு பையன், அவனும் உங்க அக்கா ஊர் பக்கம்தான், டெக்சாஸ்ல ஆலன். கூட நின்ன ரெண்டு பேரும் தப்பு விட்டுட்டாங்க, கப் கைக்கு வர்ற நேரம், 'கமலைனா'ன்னு சொல் வந்துச்சு, நம்ம வயக்காட்டுல மொளைக்கிற கானாவாழை இருக்கே, அந்த இனத்துக்கு உண்டான பேரு. ஒரு கேள்வியும் கேக்காம சடார்னு கே-ன்னு ஆரம்பிச்சான், அது சி. போச்சு. மூணு பேரும் ஒரே சுத்துல தப்பு விட்டதால யாரையும் எறக்கல, அதுக்கப்புறம் சுதாரிச்சு அன்னைக்கு ராத்திரியே ஜெயிச்சுட்டான், அதுக்கே அவனப் பாராட்டணும். உங்க அக்கா பையன்கிட்ட இந்தக் கதைய சொல்லுங்க, தெரிஞ்ச சொல்லா இருந்தாலும் கேட்டுட்டு சொல்லுன்னு சொல்லுங்க. ஆனா ராவும் பகலும் வேணாம், தூங்காத புள்ளைக்கு மேடையில எதுவும் ஞாபகம் வராது.

கேள்வி: ஏன் எப்பவும் இந்தியக் குடும்பத்துப் பசங்களே ஜெயிக்கிறாங்க? நமக்கு மூளை ஜாஸ்தியா?
- வாசகர், ஆரணி

பதில்: மூளை எல்லாம் இல்ல சார், பழக்கம். போட்டி 1925ல இருந்து நடக்குது, முதல் இந்திய வம்சாவளிப் பையன் பாலு நடராஜன் ஜெயிச்சது 1985ல தான், 60 வருஷம் கழிச்சு. 1989ல ரத்னம் சிட்டூரின்னு ஒருத்தர் அங்க நார்த் சவுத் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சார், 1993ல இருந்து அவங்க இந்தியக் குடும்பத்துப் பசங்களுக்குன்னு தனியா ஊர் ஊரா ஸ்பெல்லிங் பீ நடத்தறாங்க, அதுல வர்ற காசு இந்தியாவுல ஏழை மாணவங்க காலேஜ் படிப்புக்கு ஸ்காலர்ஷிப்பா போகுது. மைக் முன்னாடி நின்னு பயம் தெளிஞ்ச பசங்கதான் பெரிய மேடைக்கு வர்றாங்க. 2021ல லூசியானாவுல இருந்து வந்த ஜைலா அவான்ட் கார்ட் ஜெயிச்சாங்களே, கருப்பின அமெரிக்கர்கள்ல அவங்கதான் முதல் ஆள். யார் பயிற்சி எடுக்கிறாங்களோ அவங்களுக்கு வரும்.

கேள்வி: என் பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவது, இங்கிலீஷ் மீடியம். அவ கலந்துக்க முடியுமா? டியூஷன் வைக்க வசதி இல்ல.
- வாசகி, காட்பாடி

பதில்: அந்தப் போட்டிக்கு இங்கிருந்து நேரா போக வழி இல்லம்மா, அது அங்க எட்டாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு. ஆனா அவங்க படிக்கிற மொறைக்கு காசே வேணாம். அடுத்த தடவ வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் போனீங்கன்னா பொண்ண கூட்டிட்டுப் போங்க, அங்க இருக்கிற போர்டுங்களே ஒரு கிரேக்கப் பாடம். ஆப்தால்மாலஜின்னு, அதான் கண் மருத்துவம், எழுதச் சொல்லுங்க, பெரியவங்களே 'பி'க்கு அடுத்த எச்ச விட்டுடுவாங்க. ஆரணி ரோட்டுல இருக்கிற ஷெல் கண் ஆஸ்பத்திரி போர்ட பாத்து ஓ, பி, எச், டி, எச்னு ஒரு தடவ விரல் வச்சுப் படிச்சான்னா ஜென்மத்துக்கும் மறக்காது. அடுத்து நெஃப்ராலஜி, அதான் கிட்னி மருத்துவம், அதுலயும் அதே பி எச். இப்படி ஒரு வேர் புடிபட்டா பத்து சொல் தானா வரும். ஒரு நோட்டுல வேர் வாரியா எழுதி வைக்கச் சொல்லுங்க, ஏ பி சி டி வரிசை வேணாம்.

கேள்வி: இங்கிலீஷுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம், தமிழ்ல பசங்க ல, ள, ழ எழுதறத பாத்தா அழுகையா வருது. இதுக்கு ஒரு ஸ்பெல்லிங் பீ கூடாதா?
- தமிழ் ஆசிரியர், ஆம்பூர்

பதில்: கட்டாயம் வைக்கணும் ஐயா, உங்க ஆதங்கம் எனக்கும் இருக்கு. நம்ம சொல்வதெழுதுதல்ல வாத்தியார் சொல்வார், புள்ள வாயத் திறக்காம எழுதும், தப்புன்னா சிவப்பு மையில சுழிச்சு அஞ்சு தடவ எழுதச் சொல்லுவோம். அதுக்குப் பதிலா, எழுதறதுக்கு முன்னாடி 'என்ன அர்த்தம் ஐயா?'ன்னு கேக்க விடுங்க. 'அறை'ன்னு நீங்க சொன்னா, வீட்டு அறையா, பாதி அரையான்னு அது கேக்கட்டும், மனமா மணமான்னு கேக்கட்டும். கேட்ட புள்ளைக்கு தனியா ஒரு மார்க் போடுங்க. ஒரு மாசம் எட்டாங்கிளாஸ்ல நடத்திப் பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க, பசங்க கேட்ட நல்ல கேள்விகள இதே பக்கத்துல போடறோம்.