ஒரே நாளில் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குக் காரில் சென்று திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஊருக்குள் இரண்டு ஆண்டுகள் கார் ஓட்டிய பழக்கம் இருப்பதாகவும், வெளியூருக்கு ஓட்டிச் செல்வது இதுவே முதல் முறை என்றும், வயதான தாயாரை அழைத்துக்கொண்டு 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரில் காலை 10 மணிக்கு இருக்க வேண்டும் என்றும், அன்றே வீடு திரும்பிவிட விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே அளவு தொலைவுக்குப் பல ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது போய் வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

காலையில் எப்போது கிளம்புவது என்பதுதான் உங்கள் கேள்வி. நானோ மாலையில் எப்போது திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்வேன். காலைப் பயணத்தில் உடம்பில் தெம்பு இருக்கும், வெளிச்சம் கூடிக்கொண்டே போகும், அரை மணி தாமதமானாலும் இன்னும் ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். திரும்பும் பயணத்தில் களைப்பு, மங்கும் வெளிச்சம், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து சேர்கின்றன. நான் பட்ட தொல்லைகள் ஏறக்குறைய அனைத்துமே திரும்பும் வழியில் பட்டவைதான்.

முதலில் கணக்கு. 120 கிலோமீட்டரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து ஒன்றரை மணி நேரம் என்று முடிவு கட்டிவிட்டால், அந்தக் கணக்கு ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே பொய்த்துவிடும். உங்கள் ஊரை விட்டு வெளியேறவும் அந்த ஊருக்குள் நுழைந்து சேரவும் மொத்தம் 20 கிலோமீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நெரிசல் நேரத்தில் சிக்னல்களோடு சேர்த்து அங்கே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிது. ஆக அதற்கே ஒரு மணி நேரம். நடுவிலுள்ள 100 கிலோமீட்டரைச் சீராக 80இல் ஓட்டினால் ஒன்றேகால் மணி நேரம். மொத்தம் இரண்டேகால் மணி நேரம், அதாவது சராசரி வேகம் 53 கிலோமீட்டர்தான். இதில் நேரத்தை மிச்சப்படுத்த நினைக்கும் புதியவர் நடுச்சாலையில் வேகத்தை 100க்கு ஏற்றுகிறார். அதனால் அவருக்குக் கிடைப்பது 15 நிமிடம். அதே ஆள் நெரிசல் தொடங்குமுன் கிளம்பி, ஊர்ப்பகுதிகளைச் சராசரியாக 30 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துவிட்டால் 20 நிமிடம் மிச்சம்; அதுவும் நிம்மதியாக.

அந்த 15 நிமிடத்துக்குக் கொடுக்கும் விலையையும் பார்த்துவிடுங்கள். உலர்ந்த சாலையில், நல்ல டயர்களோடு, ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்பதற்குள் சுமார் 57 மீட்டர் ஓடிவிடும். 100இல் சுமார் 83 மீட்டர். வேகம் கால் பங்குதான் கூடுகிறது, ஆனால் நிற்கும் தூரம் ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது, ஏனென்றால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மழை பெய்திருந்தால் இது இன்னும் நீளும். குறிப்பாக நெடுநாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழவழப்பாகிவிடும் என்பதால், அப்போது வைப்பரைப் போடும் கையோடு வேகத்தையும் குறைத்துவிடுவது என் வழக்கம்.

இடையில் ஒரு கால் மணி நேரம் நிற்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. இதற்கு மேல் அரை மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறலாம், ரயில்வே கேட் மூடியிருக்கலாம், வண்டி நிறுத்த இடம் தேடி அலைய நேரலாம். ஆகவே காலை 10 மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால் 7 மணிக்குக் கார் வாசலை விட்டு நகர்ந்திருக்க வேண்டும். 7 மணிக்குத் தாயார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தால் அது 7 மணி ஆகாது. மாலையில் 6 மணியளவில் இருட்டத் தொடங்கும் என்றால், பிற்பகல் 3 மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். அப்படியானால் அந்த ஊரில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். உங்கள் வேலை அதற்குள் அடங்குமா என்பதுதான் இந்தப் பயணத்தை ஒரே நாளில் முடிக்கலாமா என்ற கேள்விக்கு உண்மையான விடை. கைபேசி வரைபடத்தில் இப்போதைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு நம்பிவிடாதீர்கள். புறப்படும் நேரத்தையும் கிழமையையும் குறிப்பிட்டுக் கேட்கும் வசதி அதிலேயே இருக்கிறது. இரவு 11 மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி பார்த்தால் எல்லாச் சாலைகளும் காலியாகத்தான் தெரியும். அப்படியே அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் கிடைக்காத இடத்திலும் வழி தெரியும்.

இருட்டுவதற்குள் வந்துவிடச் சொல்வது பழங்காலத்துப் பயத்தால் அல்ல. லோ பீமில் ஹெட்லைட் வெளிச்சம் தெளிவாகக் காட்டுவது சுமார் 50 மீட்டர்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு 57 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதாவது, விளக்கில்லாமல் நிற்கும் ஒரு வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் பிடித்தாலும் நிற்க இடம் இருக்காது. ஊருக்குள் தெருவிளக்குகளின் கீழேயே ஓட்டிப் பழகிய உங்களுக்கு இது முதல் முறை புலப்படாது. எதிரே வருபவரின் ஹை பீம் கண்ணில் அடித்து, சில விநாடிகள் ஒன்றுமே தெரியாமல் போகும்போதுதான் புலப்படும்.

அடுத்து, யாரும் அதிகம் பேசாத ஒன்று. நீங்கள் போகும் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். கிழக்கே போய் மாலையில் மேற்கே திரும்புபவருக்குக் காலை வெயிலும் மாலை வெயிலும் முகத்தில் அடிக்கும். மேற்கே போய்க் கிழக்கே திரும்புபவருக்கு இரு வேளையும் முதுகில் விழும். முதல் வகைப் பயணமானால் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைச் சாலையில் கழிக்காதபடி இன்னும் முன்னதாகவே கிளம்புவது நல்லது, ஏனெனில் அந்த நேரத்தில் சூரியன், முன்கண்ணாடியின் மேலே மடக்கி வைத்திருக்கும் மறைப்புத் தட்டுக்கும் கீழே இறங்கி நேராகக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் வகையில் உங்களுக்கு வசதிதான். ஆனால் எதிரே வருபவருக்குக் கண் கூசும், உங்கள் கார் அவருக்குத் தெரியாது என்பதை நினைவில் வைத்துப் பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தை ஒரு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் போன தடம் தெரிந்தால் அங்கே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்று பொருள். டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து விடும் ஆவிதான் அப்படிப் படிகிறது. உச்சிப் பொழுதில் கண்ணுக்கே தெரியாத அந்தப் படலம், மாலை வெயில் நேராக விழுந்தவுடன் வெள்ளைத் திரைபோல ஆகிவிடும். வெளிக்கண்ணாடியை வாரம்தோறும் கழுவுபவர்களும் உள்ளே துடைப்பதில்லை. நானும் ஒரு மாலையில் சாலையோரம் நிறுத்திச் சட்டையின் நுனியால் துடைத்த பிறகுதான் இதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

தூக்கத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் சொன்ன 3 மணிக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிற்பகல் 2 முதல் 4 மணி வரை உடம்பின் இயல்பான சுழற்சியிலேயே ஒரு மந்த நேரம் வருகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அது கூடும். சரியாக அப்போதுதான் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொக்கினால் கார் சுமார் 67 மீட்டர் தன்பாட்டுக்கு ஓடியிருக்கும். கண்ணாடியை இறக்குவதும் பாட்டின் ஒலியைக் கூட்டுவதும் தூக்கத்தைத் தள்ளிப்போடுவதில்லை. தூக்கம் போய்விட்டதென்ற நினைப்பை மட்டும் தருகின்றன. ஆகவே மதியம் அளவாகச் சாப்பிட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன் 20 நிமிடம் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்ளுங்கள். அரை மணிக்கு மேல் தூங்கினால் எழுந்தபின் சிறிது நேரம் தலை கனத்துக் கிடக்கும் என்பதால் அலாரம் வைத்துக்கொள்வது உசிதம். காபி குடிப்பவரானால் படுப்பதற்கு முன் குடித்துவிடுங்கள். அது வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், நீங்கள் எழுவதற்கும் அது தொடங்குவதற்கும் சரியாக இருக்கும்.

பிற்பகலில் கிளம்பாமல் இரவு உணவையும் முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பலாமே என்று உறவினர்கள் அன்போடு சொல்வார்கள். காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த அளவுக்கு விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்துவிடுவதாக டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் எழுதினார்கள். பல நாடுகளில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பும் அதுவே. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அந்த நிலைக்குப் போய்விடலாம் என்பதைத்தான் உறவினரிடம் எடுத்துச் சொல்ல முடியாது.

வண்டியைப் பொறுத்தவரை, பெட்ரோல் பாதி டேங்குக்கு மேல் இருக்க வேண்டும், வைப்பருக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும். இவற்றை முந்தின நாளே பார்த்துவிடலாம். மின்சாரக் கார் என்றால், வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும் என்பதால், ஊருக்குள் கிடைக்கும் தூரம் நெடுஞ்சாலையில் கிடைக்காது. டயர் காற்றழுத்தத்தை மட்டும் கவனமாகச் சொல்கிறேன். ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தத்தைக் காட்டும் என்பதால் வண்டி சில மணி நேரம் நின்ற பிறகே பார்க்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். உதிரிச் சக்கரமான ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டெப்னியை வலியுறுத்த எனக்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை திரும்பும் வழியில் முன் டயர் பங்க்சர் ஆனது. டிக்கியிலிருந்த பைகளை எல்லாம் சாலையோரம் அடுக்கிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுத்து அமுக்கினால், கட்டைவிரல் உள்ளே போனது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு யாரும் காற்றடிக்கவில்லை. அது கிடக்கட்டும், இருக்கிற காற்றோடு மெதுவாகப் பக்கத்து ஊர் வரை போகலாம் என்று ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கிய பிறகு நட்டைக் கழற்றப் பார்த்தால், சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திக்கொண்டு அதன் பிறகே தூக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். மறுபடி இறக்கினேன். கடைசியாகச் சக்கரம் மாட்டிய கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுக்கியிருந்த நட்டுகள் கைக்கு அசையவே இல்லை. வீல் ஸ்பேனரைப் படுக்கை வாட்டில் மாட்டி, அதன் முனையில் ஏறி நின்று என் எடை முழுவதையும் கொடுத்த பிறகே முதல் நட்டு முனகிக்கொண்டு திரும்பியது. ஒரு மணி நேரம் அங்கேயே போயிற்று. ஆகவே ஒரு விடுமுறை நாளில், வீட்டு வாசலில், சமதரையில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சில கார்களில் ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிட ஒடுக்கமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

கார் ஓட்டும் நாமெல்லாம் வாய் நிறையச் சொல்லும் இந்த ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். உதிரிச் சக்கரமே இல்லாமல் கார்கள் விற்கப்பட்ட காலத்தில், 1904இல், வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவிலிருந்து டேவிஸ் சகோதரர்கள் இருவர் உதிரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது.

தாயாருக்காக இரண்டு ஏற்பாடுகள். வயதானவர்களுக்கு நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும் என்பதால், இடையில் நிற்கும் கால் மணி நேரத்தில் அவர்களை இறக்கி நடக்கவிடுங்கள். நின்ற காரிலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் இறங்கிப் போவது வெயில் நேரத்தில் கூடவே கூடாது. மூடிய காரின் உள்ளே 10 நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

கடைசியாக, கிளம்புமுன்பே இன்னொரு மணியையும் முடிவு செய்து தாயாரிடம் சொல்லிவிடுங்கள். மலையேறுபவர்கள் சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் குறித்த நேரத்துக்குமேல் ஏறாமல் இறங்கிவிடுவதற்கு ஒரு மணியை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். அதுபோல, பிற்பகல் மூன்றரை மணிக்குள் கிளம்ப முடியாவிட்டால் இன்று திரும்புவதில்லை, அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மூன்றரை மணி தாண்டிய பிறகு, அலுத்துப்போய், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு எப்போதும் "போய்விடலாம்" என்றுதான் இருக்கும். ஒரு மாற்று உடையையும், தாயாரின் மருந்துகளில் அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்கும் உரியவற்றையும் ஒரு சிறு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள்.