மரபணு மருந்தைச் சுமக்கும் நானோத் துணிக்கையை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

மரபணு மருந்து, அதாவது டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ-யால் ஆன மருந்து, உடலுக்குள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஸ்கேனில் பார்க்க முடியுமா என்பது கேள்வி. அதைச் சுமந்து போகும் மிகச் சிறிய துணிக்கையைப் பார்க்கலாம். மருந்து வேலை செய்ததா என்பதை அந்தப் படம் சொல்லாது.

நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தன் அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாணவி, "சேர், மருந்து கட்டிக்குள்ள போனது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடி வாசிக்கிறேன்.

வகுப்பில் புல்மோட்டையில் இருந்து தொடங்குவேன். அங்கே கடற்கரை மணலில் இருந்து இல்மனைட் என்ற கனிமத்தைக் காந்தத்தால் பிரிப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். மருத்துவத்துக்கு எடுப்பது அந்த மணலை அல்ல, ஆய்வுகூடத்தில் செய்யும் இரும்பு ஒட்சைட்டை. அதைப் பத்து நானோமீற்றர் (ஒரு நானோமீற்றர் என்பது மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறிதாக்கினால், வெளியே காந்தப்புலம் இருக்கும்வரைதான் அது காந்தம். புலத்தை எடுத்தால் காந்தத்தன்மையும் போய்விடும். எம்ஆர்ஐ படத்தில் அது சேர்ந்த இடம் கறுத்துத் தெரியும்.

சரி, மருந்தை எப்படி ஏற்றுவது? டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் மறை ஏற்றம் கொண்டவை. இந்த இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைக்கு மேல் பொலிஎதிலீனிமைன் போன்ற நேர் ஏற்றப் பல்பகுதியம் ஒன்றைப் பூசினால் அவை வந்து ஒட்டிக்கொள்ளும். அதே நேர் ஏற்றம் அளவு மீறினால் கலத்தைக் கொன்றும் விடும்.

எனக்குப் பெரிதாகப் படும் சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. கலம் துணிக்கையை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. பையை விட்டு வெளியேறாவிட்டால் ஆர்என்ஏ அங்கேயே சிதைந்து போகும். அப்போதும் படத்தில் அதே கறுப்பு, ஏனென்றால் தெரிவது இரும்பு. வழியிலேயே சுமையை உதிர்த்துவிட்ட துணிக்கையும் அப்படித்தான் தெரியும்.

2007இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் இதை அழகாகக் கையாண்டார்கள். ஒரு புரதம் உருவாவதை அடக்கும் ஆர்என்ஏ-யைச் சுமந்த துணிக்கை சுண்டெலிகளின் கட்டிக்குப் போனதை எம்ஆர்ஐ-யில் பார்த்தார்கள். கட்டியில் ஒளிர்ந்த புரதத்தை அந்த ஆர்என்ஏ அடக்கியதா என்பதைத் தனியாக, அந்த ஒளிர்வைப் படமெடுத்துப் பார்த்தார்கள்.

மனிதருக்கு வந்திருப்பதில் பட்டிசிரானைச் சொல்லலாம். 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொழுப்பு நானோத் துணிக்கைக்குள் வைத்து ஈரலுக்கு அனுப்பும் ஆர்என்ஏ மருந்து அது. ஸ்கேனில் தெரிவதற்கென்று அதில் எதுவும் சேர்க்கவில்லை. ஈரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் இரத்தத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தே அது வேலை செய்ததை அறிகிறார்கள்.