அடைத்த கடன் அறிக்கையில் மட்டும் அடையவில்லை

கேள்வி: தனிநபர் கடன் ஒன்றை முழுவதும் அடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடன் அறிக்கையில் அது இன்னும் நிலுவையாகவே இருக்கிறது. கடன் தகவல் நிறுவனத்திடம் புகார் செய்தேன். ‘சரிபார்த்தோம், தகவல் சரியே’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது?

பதில்: ‘சரிபார்த்தோம்’ என்றால் உங்கள் ரசீதை யாரோ உட்கார்ந்து படித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் தகவல் நிறுவனம், கடன் கொடுத்தவர் அனுப்புவதைப் பதிந்துவைக்கும் இடம்தான். புகார் வந்தால் அவரிடமே ‘இது சரியா?’ என்று கேட்கும். அவருடைய கணக்கில் பிழை அப்படியே கிடந்தால், ‘சரி’ என்றுதானே சொல்வார்?

எனவே முதலில் அவரிடம் கணக்கு விவர அறிக்கை கேட்டு வாங்குங்கள். நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: முடிப்புத் தொகையை ஒரு தேதிக்குக் கணக்கிட்டுத் தருவார்கள், பணம் இரண்டு நாள் தள்ளிப் போய்ச் சேரும். அந்த இரண்டு நாள் வட்டி கணக்கிலேயே தங்கி, அபராதத்தோடு வளர்ந்துகொண்டிருக்கும். அப்படியானால் அது முழுப் பிழை அல்ல. பேசித் தீர்க்க வேண்டிய பாக்கி. தள்ளுபடி பெற்றுச் சமரசமாக முடித்த கடன் ‘சமரசம்’ என்றே பதிவாகியிருந்தால், அதுவும் பிழையல்ல.

பாக்கியே இல்லையென்றால், அவருடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கதை வேண்டாம். “இந்தக் கணக்கில் நிலுவை 3,260 என்று உள்ளது, 0 என்று இருக்க வேண்டும். நிலை ‘முடிக்கப்பட்டது’ என்று மாற வேண்டும்.” இவ்வளவு போதும். நிலுவையில்லாச் சான்று, கடைசித் தொகை கழிந்த வங்கிப் பக்கம், பிழையான வரியை வட்டமிட்ட அறிக்கைப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணையுங்கள். அதே கடிதத்தையும் நகல்களையும் வைத்துத் தகவல் நிறுவனத்திடமும் மறுபடி புகார் செய்யுங்கள்.

புகாருக்குப் பதில் தர வேண்டிய கெடு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 28 நாள். அமெரிக்காவில் பொதுவாக 30 நாள். இந்தியாவிலும் 30 நாள்தான். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம், அதன்பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். உண்மையான தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது.

திருத்தம் வந்த பிறகும் ஒரு மாதம் கழித்து அறிக்கையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவர் தன் கணக்கைத் திருத்தாமல் விட்டிருந்தால், அடுத்த மாதத் தகவலோடு அதே 3,260 திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.