அண்ணனின் கல்லில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் மூத்த அண்ணன் கடந்த ஐப்பசியில் காலமானார். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தை நாற்பது வருடங்கள் பழக்கியவர். ரதி வேஷம் கட்டினால் அவருக்கு நிகரில்லை என்பார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் இராப்பள்ளியும் நடத்தினார். நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில், கார் பெற்றரியில் ஓடும் தொலைக்காட்சிப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து கோவில் முற்றத்தில் வைத்தவரும் அவர்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவரென்றாலும், அவர் வெறும் கூத்தாடி அல்ல, ஒரு கல்விமான் என்றே நாங்கள் கருதுகிறோம். முதலாம் ஆண்டு நினைவுக்கு மார்பளவுச் சிலை வைத்து மலரும் வெளியிட இருக்கிறோம். சிலையின் கீழ் 'கல்விமான்' என்று பொறிப்பதா, 'கலைஞர்' என்று பொறிப்பதா? அவருடைய கூத்துக் கொப்பிகள் அடுப்புப் பரணில் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. மலரில் அவற்றுக்கு இடம் போதாது. தாங்கள் ஒரு வாழ்த்துரை தந்து உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தம்பி

அன்புள்ள தம்பி,

உங்கள் அண்ணனை நான் பார்த்ததில்லை. ஆனாலும் கடிதத்தை வாசித்து முடித்தபோது, துக்க வீட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து எழுந்து வந்ததைப் போல இருந்தது. எனக்கு வரும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையது வந்த வாரத்தில் நான் என் அக்காவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிலை வைப்பது உங்கள் விருப்பம். மார்பளவா முழு உருவமா, யார் திரை நீக்குவது, யாருக்கு முதல் மாலை என்பவற்றில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வாழ்த்துரை தரமாட்டேன். இறந்தவருக்கு எதற்கு வாழ்த்துரை?

உங்கள் கடிதத்தில் 'வெறும்' என்றொரு சொல் இருக்கிறது. 'வெறும் கூத்தாடி அல்ல' என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வருடங்கள் மாசிக் குளிரில், கால் விறைக்க, சேலை கட்டிக்கொண்டு லயம் லயமாக ஆடிய ஒரு மனிதரை, அவர் கண்மூடி ஒரு வருடம் ஆவதற்குள் சொந்தத் தம்பியே இப்படியா எழுதுவது? அவரைக் கெளரவமானவராக்க நினைக்கிறீர்கள் என்பது விளங்குகிறது. நகரத்திலிருந்து வரும் விருந்தினர்கள் முகம் சுளிக்கக்கூடாது என்ற பயமும் விளங்குகிறது. ஆனால் அதற்காகக் கூத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டு இராப்பள்ளியை மட்டும் மேடையேற்றினால், உங்கள் அண்ணனில் பாதியைத்தான் ஏற்றியிருப்பீர்கள். அந்தப் பாதியும் அவராக இருக்காது.

இராப்பள்ளிக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். காமன் கூத்துக்கு யார் வராமல் இருந்தார்கள்? மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றிய நாளிலிருந்து மன்மதனை எரிக்கும் இரவுவரை, மேட்டு லயமும் பணிய லயமும் ஒரே இடத்தில் கூடின. ரதியாக வேஷம் கட்டப்போகும் பையன் முதலில் பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குக் கொப்பியை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவன் கூத்தில் சேரும் ஆசைக்காகவே எழுத்துப் பழகினான். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவே இல்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாடி வாதாடும்போது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் வாய் திறக்காத மனிதர் எதிர்க்கட்சிக்காரரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் சொன்னதைக் கடைசிவரை கேட்டு, அதில் ஓட்டை எங்கே என்று கண்டு, சபை ஒத்துக்கொள்ளும்படி பதில் சொல்வது கல்வி இல்லையென்றால் வேறு எதைக் கல்வி என்பீர்கள்? தப்புச் சத்தத்துக்குள் நடந்ததால் அது குறைந்துவிட்டதா?

நமக்குப் பள்ளிக்கூடம் யார் தந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1945இல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, பெரும்பாலான தோட்டங்களில் ஒரே கட்டிடம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 'ஐந்தாம் வகுப்போடு நின்றவர்' என்று எழுதியிருக்கிறீர்களே, நின்றவர் உங்கள் அண்ணன் அல்ல, தம்பி. பள்ளிக்கூடம்தான் அங்கே நின்றது. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் தோட்டத்துச் சனங்களிடம் உரிமையைப் பற்றிப் பேசப் புறப்பட்டபோது, பேச்சோடு பாட்டையும் கொண்டுபோனார்கள். மீனாட்சி அம்மை பாடினார். பாட்டு அச்சிட்ட சிறு பிரசுரங்கள் கைக்குக் கை மாறின. அவரை 'வெறும் பாட்டுக்காரி அல்ல' என்று எழுத உங்களுக்குக் கை வருமா?

என் அக்கா கொழுந்து பறித்தவள். அவளும் ஐந்தாம் வகுப்புத்தான். கணக்கப்பிள்ளை வீட்டில் வாசித்து முடித்த ஞாயிறு வீரகேசரி ஒரு வாரம் கழித்து லயத்துக் கடைசியில் இருந்த எங்கள் தொங்கல் காம்பராவுக்கு வந்து சேரும். இரவு ரொட்டி சுட்டு முடிந்ததும் ஏழெட்டுப் பெண்கள் வந்து அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். அக்கா குப்பி லாம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு தொடர்கதை வாசிப்பாள். கொழுந்துச் சாயம் ஏறிய அவளுடைய பெருவிரல் எவ்வளவு கழுவினாலும் வெளுக்காது. அது பிடித்த இடத்தில் தாளின் ஓரமும் கறுத்துப்போகும். கதாநாயகி ஆற்றில் குதிக்கப் போகிறாளா இல்லையா என்ற இடம் வரும்போது அக்கா சட்டென்று நிறுத்திவிடுவாள். பத்திரிகையை மடித்து, யாராவது ஒருத்தியின் மடியில் போட்டு, "இந்த ரெண்டு வரிய நீ வாசி. இல்லாட்டி இன்னிக்குக் கதை இவ்வளவுதான்" என்பாள். மற்றவர்கள் எல்லாம் அந்த ஒருத்தியைத் திட்டுவார்கள், கெஞ்சுவார்கள், எழுத்தை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு வரி நகர அரைமணி நேரம் ஆன இரவுகளும் உண்டு. ரொட்டி ஆறிப்போனதற்காக அப்பா கத்துவார்.

அடுத்த கட்டமாக அவள் தராசுக்குப் போனாள். நிறுக்கும் இடத்தில் முள் எங்கே நிற்கிறது, எத்தனை றாத்தல் என்று பார்க்கப் பழக்கினாள். நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான், என்று தெரிந்தும் அதுவரை யாரும் தராசை நிமிர்ந்து பார்த்ததில்லை. சம்பள நாளில் வரிசையில் நின்ற எங்கள் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தார்கள். அதற்கு அக்கா ஒரு வகுப்பும் நடத்தவில்லை. கதைதான் வாசித்தாள்.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா 1998இல் இறந்தாள். கருமாதிக்கு ஒரு சிறு மலர் அச்சிட்டோம், எழுதியவன் நான். அப்போது எனக்குச் சில புத்தகங்கள் வெளிவந்திருந்தன, கொழும்பிலிருந்து எழுத்தாள நண்பர்கள் வருவதாக இருந்தது. 'எளிய தொழிலாளியாக இருந்தபோதிலும் கல்விக்காகத் தொண்டாற்றிய பெருந்தகை' என்று எழுதினேன். அடுப்படியில் தொடர்கதை வாசித்ததை எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கருமாதியன்று மேட்டு லயத்துப் பெரியம்மா ஒருத்தி அந்த மலரை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, அக்கா கதை வாசிச்சத எழுதவே இல்லியே? அதுலதானே நான் எழுத்துப் படிச்சேன்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. உங்கள் 'வெறும்' என்ற சொல்லுக்கு நான் இத்தனை கோபப்பட்டது, அதே சொல்லை நானும் வேறு விதமாக எழுதியவன் என்பதால்தான்.

தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றி மலரில் ஒரு பக்கம் எழுதுங்கள், நல்ல விஷயம். ஆனால் கொப்பிகளுக்கு இடம் போதாது என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமைச்சரின் ஆசிச் செய்திக்கு இடம் இருக்கும், வாழ்த்துரைகளுக்கு இடம் இருக்கும், அண்ணனின் கையெழுத்துக்கு மட்டும் இருக்காதா? எங்கள் தோட்டத்தில் ரதி புலம்பலை முழுவதுமாக அறிந்திருந்தவர் ஒரே ஒரு கூத்து வாத்தியார். நம் சனங்களை இலங்கையும் இந்தியாவும் பங்குபோட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பெயர் விழுந்து, குடும்பத்தோடு தலைமன்னார் கோச்சியில் ஏறிப் போனார். கொப்பியும் அவரோடு போயிற்று. அடுத்த மாசியில் எங்கள் ரதி பாதிப் பாட்டோடு அழுதாள்; இரண்டு வருடத்தில் கூத்தே நின்றுபோனது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் இன்று நம் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாராளுமன்றத்தில் இருந்த மனிதர் அவர். தாலாட்டையும் ஒப்பாரியையும் எழுதி வைப்பதைக் குறைவாக நினைக்கவில்லை.

ஆகவே மலரின் முன்பாதி முழுவதும் கொப்பியாக இருக்கட்டும். அண்ணனிடம் வேஷம் பழகியவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்கள். கொப்பியில் ஒரு சொல்லும் வாயில் வேறொரு சொல்லும் வந்தால் இரண்டையும் அச்சிடுங்கள். திருத்துகிறேன் என்று யாரும் பேனையை எடுக்க வேண்டாம், தமிழாசிரியர்கள் உட்பட. ரதியின் சேலை இன்னும் இருந்தால் அதைப் படமெடுத்துப் போடுங்கள்.

கல்லில் என்ன பொறிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவர் பெயரைப் பொறித்து, அதன் கீழே 'காமன் கூத்து வாத்தியார்' என்று எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ, அப்படி.

தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். அடுப்புப் புகை பட்ட தாள் தொட்டால் உதிரும். பிரித்துப் பார்க்கும் ஆசையில் பக்கங்களை இழுக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். மாசி பிறப்பதற்குள் நான் நேரில் வருகிறேன். ஹட்டனில் இறங்கினால் உங்கள் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன் ஒருவன்