'இன்றைக்கே கட்டினால் பெயரை எடுத்துவிடுவோம்' என்றால் கட்டலாமா?

கேள்வி: 2015இல் லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தேன். தவணை பிந்தியதால் 2017இல் கொம்பனி வண்டியைத் தூக்கிவிட்டது. அதன்பிறகு நான் ஒன்றும் கட்டவில்லை. இப்போது படகு எஞ்சினுக்குக் கடன் கேட்டபோது, 'கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பெயர் இருக்கிறது' என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன கிழமை ஒருவர் தொலைபேசியில், 'இன்றைக்கே 25,000 ரூபா போட்டால் பெயரை எடுத்துவிடுவோம்' என்றார். ஆறு வருடம் போனால் கடன் செத்துவிடும் என்கிறார் நண்பர். நான் என்ன செய்ய?
- வாசகர், நிலாவெளி

பதில்: இன்றைக்கு ஒரு சதமும் போடாதீர்கள். உண்மையான கடனைக் கட்டித் தீர்ப்பதே நல்லது. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எந்த எழுத்தின் பேரில் என்று தெரியாமல் கட்டிய காசு எதையும் தீர்க்காது.

நண்பர் சொன்னதில் பாதி சரி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தின் கடனுக்கு வழக்குப் போட 6 வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம், காணி ஈட்டுக்கு 10 வருடம். இந்த எல்லை வழக்குக்கு மட்டும்தான். கொம்பனியின் புத்தகத்திலும் கிரிப்பிலும் கணக்கு கிடந்தபடியே கிடக்கும். வழக்கு வந்தாலும் 'காலம் கடந்துவிட்டது' என்பதை உங்கள் மறுமொழியில் நீங்கள்தான் எழுப்ப வேண்டும். இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாலோ, அந்த 6 வருடத்தைத் திரும்ப முதலிலிருந்து எண்ண இடம் கொடுத்தவராகிவிடுவீர்கள். அந்த 25,000 ரூபாவில் இருக்கும் ஆபத்து இதுதான். 2017க்குப் பிறகு உங்கள் பெயரில் வழக்கு ஏதும் போட்டுத் தீர்ப்பாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தீர்ப்பு இருந்தால் அதை நிறைவேற்ற 10 வருடம் உண்டு. வீட்டு முகவரி மாறியவர்களுக்கு அழைப்பாணையே கிடைக்காமல் போயிருக்கலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேளுங்கள்.

'பெயரை எடுப்பது' என்று ஒரு வேலையே கிடையாது. கிரிப் என்று நாம் சொல்லும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் அங்கே இருக்கிறது. வங்கிகளும் பைனான்ஸ் கொம்பனிகளும் அனுப்பும் விபரத்தைத்தான் அது காட்டுகிறது. கடனைத் தீர்த்தால் நிலுவை பூச்சியமாகி 'தீர்க்கப்பட்டது' என்று வரும். பிந்திக் கட்டிய வரலாறு உடனே அழியாது. ஆனாலும் கடன் கொடுப்பவரின் கண்ணுக்குத் தீர்த்த கடனும் தீராத கடனும் ஒன்றல்ல.

முதல் வேலை, உங்கள் அறிக்கையை நீங்களே எடுப்பது. கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, கிரிப் இணையத்தளத்தில் அடையாள அட்டையுடன் விண்ணப்பிக்கலாம். மேலே உள்ள புள்ளி 250 முதல் 900 வரையிலான ஓர் அளவு. அதைப் பார்த்து மனமுடைந்துபோக வேண்டாம். கீழே இறங்கி, அந்த லீசிங் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, நிலுவை எவ்வளவு, நிலை என்ன என்று பாருங்கள். 'பதிவழிப்பு' என்றிருந்தால் மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தங்கள் கணக்கில் நட்டமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அறவிடும் உரிமை அவர்களிடமே இருக்கிறது. இடைக்காலத்தில் பல கொம்பனிகள் ஒன்றோடொன்று இணைந்தும் பெயர் மாறியும் போயின. உங்களை அழைத்தவர் யார் சார்பில் பேசுகிறார் என்பதை அறிக்கையோடு ஒப்பிட்டுத்தான் அறியலாம்.

பிறகு கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். 'என் கடன்' என்று எழுதாதீர்கள். 'என் பெயரில் நீங்கள் காட்டும் இன்ன இலக்க ஒப்பந்தம்' என்று எழுதி, இக்கடிதம் கடனை ஏற்றுக்கொண்டதாகாது என்ற வரியையும் சேருங்கள். முழுக் கணக்குக்கூற்று, வண்டி விற்ற திகதி, விற்ற விலை, அது கணக்கில் வரவு வைக்கப்பட்ட நாள், அதன்பின் ஏறிய வட்டி, இவற்றைக் கேளுங்கள். பிழை அதிகம் வருவது இந்த இடத்தில்தான்: விற்ற பணம் கணக்கில் ஏறியிருக்காது, அல்லது விற்றபிறகும் பழைய முழுத் தொகைக்கே தாமத வட்டி ஓடியிருக்கும்.

கணக்கு நேரானதும் பேரம் பேசலாம். பழைய கணக்கில் முதல் குறைவு, வட்டி கூட. ஒரே தடவையில் கட்டுவதாகச் சொல்லித் தாமத வட்டியைத் தள்ளிவிடக் கேளுங்கள். சம்மதித்தால் கொம்பனியின் கடிதத் தலைப்பில் எழுத்தாக வாங்குங்கள். அதில் ஒப்பந்த இலக்கம், தொகை, கடைசித் திகதி, 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற சொல், பிணையாளர்கள் விடுவிக்கப்படுவது, கிரிப்புக்குப் பூச்சிய நிலுவை அறிவிப்பது, ஆறும் இருக்க வேண்டும். பணத்தைக் கொம்பனியின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். அறவிட வருபவரின் கையிலோ அவருடைய சொந்தக் கணக்கிலோ வேண்டாம். பற்றுச்சீட்டை நிழற்படப் பிரதி எடுத்து வையுங்கள், வெப்பத் தாளில் அடித்த எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே எஞ்சின் கடனுக்குப் போங்கள்.

கேள்வி: மைத்துனருக்குப் பிணை நின்றேன். அவர் கட்டார் போய்விட்டார், தவணை நின்றுவிட்டது. நான் ஒரு ரூபாவும் கடன் வாங்காதபோது என் கிரிப்பிலும் காட்டுகிறதே?
- வாசகர், கிண்ணியா

பதில்: காட்டத்தான் செய்யும். பிணை ஒப்பத்தால் அது உங்கள் பொறுப்பாகிவிட்டது. முதலில் கடன்காரரிடம் கேட்டுவிட்டு உங்களிடம் வர வேண்டும் என்ற உரிமையை, அந்தப் படிவத்தின் சிறிய எழுத்தில் நீங்களே விட்டுக்கொடுத்திருக்கக் கூடும். பிரதி வாங்கி வாசியுங்கள். வேறு பிணையாளரும் இருந்தால் சுமையைப் பகிரக் கேளுங்கள். நீங்கள் கட்டினால் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில், 'பிணையாளராகச் செலுத்தியது' என்று இருக்கட்டும். அது இல்லாமல் மைத்துனரிடமிருந்து பின்னர் அறவிடுவது கடினம்.

கேள்வி: நான் எடுக்காத கடன் ஒன்று என் அறிக்கையில் நிற்கிறது.
- வாசகி, தம்பலகாமம்

பதில்: அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழைய 9 இலக்கத்தைப் புதிய 12 ஆக்கும்போது முன்னால் 19 வரும், பிறந்த ஆண்டின் இரண்டு இலக்கமும் நாளின் மூன்று இலக்கமும் முடிந்த இடத்தில் ஒரு 0 நுழையும், கடைசி எழுத்து போய்விடும். பெண்களுக்கு நாள் எண்ணில் 500 கூட்டியிருக்கும். ஓர் இலக்கம் தவறினாலும் கடன் வேறொருவர் தலையில் விழும். கிரிப் தன்பாட்டில் திருத்தாது, விபரம் அனுப்பிய நிறுவனமே திருத்த வேண்டும். ஆகவே அடையாள அட்டைப் பிரதியுடன் நிறுவனத்துக்கும் கிரிப்புக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். அந்த ஒப்பந்தத்தில் உள்ள கையெழுத்தின் பிரதியையும் கேளுங்கள். கையெழுத்து போலியானால் பொலிஸ் முறைப்பாடும் வேண்டும். நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935இல் அழையுங்கள். மத்திய வங்கிக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. எங்கு போனாலும், நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபால் சீட்டும் கையில் இருக்கட்டும். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.