திருந்தினால்தான் கடவுள் ஏற்றுக்கொள்வாரா?

"விலகிப் போனவன் முதலில் திருந்த வேண்டும், அப்புறம்தானே கடவுள் அவனை நேசிப்பார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பைபிளில் லூக்கா 15-ஆம் அதிகாரம் வேறு மாதிரி சொல்கிறது. பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று பரிசேயர்கள் (மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதர்கள்) முணுமுணுத்தபோது இயேசு சொன்ன பதில் அது. 100 ஆடுகளில் ஒன்று தொலைகிறது, 10 வெள்ளிக்காசுகளில் ஒன்று தொலைகிறது. இரண்டிலும் தேடி அலைவது தொலைத்தவர்தான். காசு எங்கே திருந்துவது!

மூன்றாவது, ஊதாரி மகன் கதை. சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்த்தவன், "என்னை உம் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்று சொல்லத் தீர்மானித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிடுகிறார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். மகன் பேச ஆரம்பிக்கிறான். "உம் மகன் எனப்படத் தகுதியில்லை" என்பது வரைதான் வருகிறது. கூலிக்காரன் பேச்சு நம் தமிழ் வேதாகமத்தில் வரவே இல்லை. அதற்குள் அங்கி, மோதிரம், செருப்பு என்று வேலைக்காரர்களிடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார் அப்பா. எனக்கு அந்த அதிகாரத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

சரி, மனந்திரும்புதல் வேண்டாமா? வேண்டும், அவன் எழுந்து வந்தானே. ஆனால் அவன் கிளம்புவதற்கு முன்பே அந்த அன்பு இருந்தது.

வீட்டிலேயே இருந்த மூத்த மகன், தம்பிக்குக் கிடைத்த வரவேற்பால் வந்த கோபத்தில் உள்ளே வர மறுக்கிறான். அவனை அழைக்கவும் அதே அப்பா வெளியே வருகிறார். அவன் உள்ளே போனானா என்று கதை சொல்லவில்லை.